ஏழு இருபதுக்கு வைத்த கையெழுத்து

இரத்தினம்மா அன்ரி வெள்ளவத்தையில் இருபத்தாறு வருடமாகச் சேலைச் சட்டை தைப்பவர். ராகு காலத்தில் புதுத் துணியில் கத்தரிக்கோலை வைக்கமாட்டார். வெட்டத் தொடங்கிய நேரத்தை ஒவ்வொரு ஓடர் துண்டிலும் தன் கையெழுத்துக்குக் கீழே குறிப்பார். வங்கிப் படிவமானாலும் அந்தக் கை நேரத்தை எழுதாமல் விடாது.

ஐம்பத்தெட்டு வயதில், தொங்கிய கண் இமைகளைச் சரிசெய்ய ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். "ஊருக்கெல்லாம் அளவெடுத்து வடிவாக்கிறன். எனக்கு ஒருக்கால் செய்யக்கூடாதோ?" என்றார்.

வலது கண் நன்றாக வந்தது. இடது இமையில் தோலைக் கூடுதலாக வெட்டிவிட்டார்கள். நித்திரையிலும் அந்தக் கண் மூடவில்லை. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு படுத்தார். காலையில் கண் சிவந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் இருந்தார். கேட்கப் போனபோது, ஆபத்துகளை அறிந்தே கையெழுத்திட்டதாக ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதை அவர் வீட்டு மேல்மாடியில் குடியிருந்த என்னிடம் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கொட்டாஞ்சேனையில் கிறிஸ்ரி என்ற சட்டத்தரணியிடம் பயிற்சிக்குச் சேர்ந்து நாலு மாதம்.

"கையெழுத்து வச்சிட்டீங்கள் அன்ரி. இனி ஒண்டும் செய்யேலாது" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு அது உண்மையில் தெரிந்திருந்ததா, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேனா? மூன்று நாள் அந்தக் கேள்வியோடு திரிந்துவிட்டு, அவரைக் கிறிஸ்ரி சேரிடம் கூட்டிப்போனேன்.

சேர் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கினார். "இதென்னம்மா, கையெழுத்துக்குக் கீழ 7.20?"

"திங்கக்கிழமை சேர். ஏழரைக்கு ராகு காலம் துவங்குது. அதுக்கு முதல் வைக்கவேணுமெண்டு நேர்சிட்டக் கேட்டு வாங்கி வச்சனான்."

"டொக்டர் அப்ப வந்திட்டாரோ?"

"ஒன்பதரைக்குப் பிறகுதான் வந்தவர். வந்து சிரிச்சார், அவ்வளவுதான்."

"முதல் காட்டப் போன அண்டைக்கு?"

"பத்து வயசு குறையுமெண்டவர். கண் மூடாமல் போகலாமெண்டு சொல்லேல்ல."

படிவத்தின் அடியில் டொக்டரின் கையால் எழுதியிருந்தது: ‘ஆபத்துகளை விளக்கிய பின் கையொப்பம் பெற்றேன், 9.40.’

"விளங்கப்படுத்தாமல் வாங்கின கையெழுத்து டொக்டரைக் காப்பாத்தாது" என்றார் சேர். "அதுவும் இது வடிவுக்குச் செய்யிற ஒப்பரேஷன், அவசரமெண்டும் சொல்லேலாது. விளங்கப்படுத்தியிருந்தாலும், தோலைப் பிழையா வெட்ட யாரும் சம்மதிக்கிறேல்ல." என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீர் படிவத்தைப் பாத்தனீரோ?"

"இல்ல சேர். கடிதத்தை மட்டும்."

"அப்ப ராகு காலம் உம்மைவிட நல்ல லோயர்."

அன்ரிதான் முதலில் சிரித்தார்.

சேர் எழுதிய கடிதத்துக்கு மூன்றாம் வாரம் பதில் வந்தது. டொக்டர் பொறுப்பை ஏற்று, அன்ரி விரும்பிய கண் நிபுணரிடம் திருத்திக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார். அந்த நிபுணர் படம் வரைந்து, எது பிழையாகப் போகலாம் என்பதையும் சொன்னார். ராகு காலம் முடியும்வரை அன்ரி கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கையெழுத்தும் நேரமும் வைத்தார்.

போன வாரம் சேருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். காலி வீதியில் அன்ரி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். குனிந்து பார்த்தேன். இரண்டு கண்ணும் மூடியிருந்தன. இறங்கவேண்டிய வெள்ளவத்தை வந்தது. நான் எழுப்பவில்லை. கல்கிசை வரை போய்த்தான் திரும்பினோம்.