ஏழுமலை அண்ணன் எழுதி வெச்ச பஸ் டிக்கெட்டுகள்

ஏழுமலை அண்ணன் நேத்து காலையில போயிட்டார். ஹார்ட் அட்டாக். சத்தியவேடு பஸ் ஸ்டாண்டுக்கு வேலைக்குக் கிளம்பி வந்தவர், பஸ் ஏறவே இல்ல.

லேப் குரூப்ல கூட வேலை பார்க்கிற சரிதா மெசேஜ் போட்டப்ப நான் அவருக்குத்தான் போன் பண்ணிக்கிட்டு இருந்தேன். ஏன் இன்னும் வரலன்னு திட்டறதுக்கு... ரிங் போய்க்கிட்டே இருந்துச்சு.

உங்கள்ல பலருக்கு அவரைத் தெரியாது. திருப்பதியில நான் வேலை பார்க்கிற லேப்ல, இ-சிகரெட் புகைக்கிற மெஷினை ஓட்டினவர். என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவர்.

ஆமா, அப்படி ஒரு மெஷின் இருக்கு. அது இழுக்கும், விடும். அந்தப் புகையில என்னென்ன விஷம் எவ்வளவு இருக்குன்னு அளப்போம்.

என் வேலை கணிக்கிறது. நிகோடினுக்கு அளவு வெச்சா, ஃப்ளேவரை எடுத்தா, நம்ம நாட்டுல மாதிரி மொத்தமா தடை பண்ணா... ஜனங்க உள்ள இழுக்கிற விஷம் கூடுமா குறையுமான்னு கம்ப்யூட்டர்ல மாடல் போட்டுச் சொல்லணும்.

"நீங்க ஜோசியம் சொல்லுங்க மேடம். நான் ஊதிக் காட்டறேன்." பார்க்கிறப்பல்லாம் இப்படித்தான் வம்புக்கு இழுப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதியம், "துன்னீங்களா மேடம்?"னு கேட்டார். நான் திருச்சிக்காரி, எங்க பக்கம் சாப்டீங்களான்னுதான் கேட்போம்... சிரிச்சிட்டேன். தப்புதான்.

அவர் கோவிச்சுக்கல. ஆனா மறுநாள்ல இருந்து வேணும்னே தினமும் கேட்டார். "துன்னுட்டேன்"னு நான் பதில் சொல்ற வரைக்கும் விடல மனுஷன்.

எங்களுக்குள்ள பெரிய சண்டைன்னா மெஷின் இழுக்கிற நேரத்தைப் பத்தித்தான். மெஷின் மூணு செகண்டு இழுக்கும், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை. அதுதான் ஸ்டாண்டர்ட். என் கணக்கு மொத்தமும் அந்த மூணு செகண்டை நம்பித்தான்.

"எவன் மேடம் இப்படி ஆற அமர இழுக்கறான்? எங்க பஸ் ஸ்டாண்டுல வந்து பாருங்க. கைக்குள்ள மறைச்சிக்கினு இழுக்கறான். பொகை தெரிஞ்சா மாட்டிக்குவோம்னு உள்ளயே வெச்சிக்கறான். தடை போட்டா திருட்டுத்தனமாத்தான் இழுப்பான். திருட்டுத்தனமா இழுக்கறவன் ஒரே மூச்சா இழுப்பான்."

அவ்வளவு நீளமா இழுத்தா உள்ள இருக்கிற காயில் கம்பி இன்னும் சூடாகும். சூடு ஏற ஏற ஃபார்மால்டிஹைடு மாதிரி விஷமும் ஏறும். எனக்குத் தெரியாத விஷயமா?

ஆனா நான் என்ன சொன்னேன்... "ஸ்டாண்டர்டை எல்லாம் மாத்த முடியாது அண்ணா." நாலு பேர் முன்னாடி, குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

அவர் விடாம நச்சரிச்சதுக்குக் காரணம் அவர் தம்பி. ஃபேக்டரியில ஷிப்ட் வேலை. சிகரெட்டை விட்டுட்டு, கள்ளத்தனமா வர்ற இ-சிகரெட்டுக்கு மாறினவர்.

"அதுக்கு இது தேவலையாண்ணான்னு கேட்டுக்கினே கீறான் மேடம். இன்னா சொல்றது?"

"ரிப்போர்ட் வரட்டும் அண்ணா"ன்னேன்.

கொஞ்ச நாள் கழிச்சு, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கத்தை பஸ் டிக்கெட்டை என் டேபிள்ல வெச்சார். "பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒவ்வொருத்தன் இழுக்கறதையும் செல்லுல டைம் பாத்தேன் மேடம். பின்னாடி எழுதிக்கீறேன்."

எல்லாம் தெலுங்கு எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. சரிதாகிட்ட கொடுத்தேன். தெலுங்குப் பொண்ணு, ரெண்டு டிக்கெட்டைப் பார்த்துட்டு, "இது தெலுங்கே இல்ல மேடம், ஒண்ணும் புரியல"ன்னு இங்கிலீஷ்ல சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டா.

அவர்கிட்டயே கேட்டிருக்கலாம். கேட்கல. டெட்லைன் இருந்துச்சு... டிராயர்ல போட்டு மூடினேன்.

ரிப்போர்ட் மூணு செகண்டோடயே போச்சு. தடையால விஷம் குறையும்னு போச்சு. அண்ணன் அன்னிக்கும் வந்து "துன்னீங்களா மேடம்?"னுதான் கேட்டார்.

நேத்து சாயங்காலம் சத்தியவேடுல எடுக்கும்போது போயிருந்தேன். தம்பி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டார். "அண்ணன் உங்களக் கேட்டு சொல்றேன்னு சொல்லிக்கினே இருந்தாரு மேடம்."



இன்னிக்கு லேபுக்கு வந்ததும் டிராயரைத் திறந்தேன். டிக்கெட்ல அச்சு மங்கிப் போயிருந்துச்சு. அண்ணனோட பேனா எழுத்து மட்டும் அப்படியே இருந்துச்சு.

அப்பதான் உறைச்சுது. வீட்டுல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு... அந்த ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆளுங்க நிறைய பேர் இப்படித்தான். மனுஷன் தமிழைத் தெலுங்கு எழுத்துல எழுதியிருக்கார். இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தும் எனக்கு இது தோணலையே.

தமிழ் தெரியாத சரிதாவைப் பக்கத்துல உட்கார வெச்சு, புரிஞ்சாலும் புரியாட்டாலும் சத்தமா படின்னேன். அவ படிக்கப் படிக்க எனக்குப் புரிஞ்சுது. அண்ணன் குரலே கேட்ட மாதிரி இருந்துச்சு.

"பஸ்சு வந்துச்சி. அவசரம். அஞ்சு செகண்டு."

"பாத்ரூம் பக்கம் ஒளிஞ்சிக்கினு. ஆறு. பொகைய வெளிய வுடல."

இப்படியே நாப்பது டிக்கெட்டுக்கு மேல. கடைசி டிக்கெட்...

"தம்பி. ஏழு செகண்டு. நான் பாத்துக்கினு இருந்தது அவனுக்குத் தெரியாது."

சரிதா அர்த்தம் தெரியாம படிச்சு முடிச்சுட்டு, என் முகத்தைப் பார்த்து பயந்துட்டா.

மெஷினை ஏழு செகண்டுக்கு மாத்திட்டு, அது பக்கத்துலயே உட்கார்ந்து இதை எழுதறேன். ஓடிக்கினு இருக்கு அண்ணா. என்ன வந்தாலும் நானே நேர்ல போய் தம்பிகிட்ட சொல்றேன். ரிப்போர்ட்டையும் திருத்தி அனுப்பறேன், உங்க பேரோட.

மணி ரெண்டாகுது. இன்னும் துன்னல அண்ணா.

போய் வாங்க.