அவனுடையது சிக்குவதில்லை

நகுலேஸ்வரன் பலெர்மோவில் நெடுங்காலம் மற்றவர்களின் வீடுகளைத் துடைத்தான். இத்தாலியக் குடியுரிமை கிடைத்த வருடம் ஆயுதக் காவலாளி வேலைக்கு விண்ணப்பித்தான். எடுத்தார்கள். சீருடையை நிறுவனம் கொடுத்தது. துப்பாக்கியைத் தானே வாங்கிக்கொள்ளச் சொன்னது.

அவனோடு வேலையில் சேர்ந்தவன் இராஜநாயகம், மன்னார்க்காரன்; மனைவி எமிலியானாவோடு இருந்தான். இருவரும் ஒரே நாளில் ஒரே கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவற்றில் ஆக மலிந்த கைத்துப்பாக்கியை ஆளுக்கொன்று வாங்கினார்கள். துருக்கியில் செய்தது. ஒரே அச்சு, ஒரே கறுப்பு.

நகுலேஸ்வரனுடையது சிக்கியது. பயிற்சித் திடலில் நாலைந்து தோட்டாக்கள் ஒழுங்காகப் போகும். அடுத்ததின் வெற்றுக் கோது வெளியே விழாமல் இடையில் மாட்டி நிற்கும். இராஜநாயகத்தினுடையது ஒருநாளும் சிக்கவில்லை.

விலை கூடியதை வைத்திருப்பவன் என்றால், கொடுத்த காசுக்கு ஓடுகிறது என்று விட்டுவிடலாம். அதே காசு கொடுத்தவனை என்ன செய்வது?

காவலாளிகள் கூடுமிடத்தில் நகுலேஸ்வரன் தன் துப்பாக்கியைத் திட்டுவான். பிடி தடிப்பு. விசை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது. கடைசித் தோட்டாவை மகசினுக்குள் தள்ளினால் பெருவிரல் நகம் போய்விடும். இராஜநாயகமோ அதே பிடி கைக்கு நிறைவு என்பான். விசை நீளமாக இருந்தால் பதற்றத்தில் சுட்டுவிட மாட்டோமாம்.

"இந்தக் காசுக்கு வேறை என்ன மச்சான் வேணும்? துவக்கிலை பிழையில்லை. நீ அதை முறைச்சுப் பாக்கிறாய், அது பயந்து விக்குது."

தமிழர்கள் சிரித்தார்கள். பிறகு அவன் அதை இத்தாலிய மொழியில் சொன்னான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

வியா மக்வேதா தெருவில் ஒரு வங்கி வாசலுக்குப் பகல் காவல் ஆள் தேவைப்பட்டது. நகுலேஸ்வரன் நகரத்தின் தொங்கலில், ஸ்ஃபெர்ராகவால்லோவில், ஒரு கிடங்குக்கு இரவுக் காவல். வங்கியென்றால் அல்பெர்கேரியாவில் இருக்கும் அவன் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். இரவில் மனிதரைப் போலப் படுக்கலாம். இராஜநாயகமும் அதைக் கேட்டிருந்தான். பரீட்சைச் சூட்டில் இருவரில் எவன் நன்றாகச் செய்கிறானோ அவனுக்கு அந்த இடம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி குகனேஸ்வரி துவக்குகளுக்குப் பயந்து ஓடி வளர்ந்தவள். துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்றே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அதன் இரும்புப் பெட்டி சாமிப் படத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அவன் தோட்டாக்களைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைத் தட்டில் வைப்பான். அவள் அதற்குத் திருநீறு பூசுவாள். பரீட்சைக்கு முந்திய வெள்ளி, நேர்ந்துகொண்டு, அள்ளிப் பூசினாள். அவன் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து எடுத்துப் போனான்.

பரீட்சையில் இராஜநாயகம் முதலில் சுட்டான். நகுலேஸ்வரன் பக்கத்தில் நின்று, சிக்கு, சிக்கு என்று மனதுக்குள் அந்தத் துப்பாக்கியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அது கேட்கவில்லை. அவனுடையதோ தொடங்கியவுடனேயே சிக்கியது. எடுத்துவிட்டுச் சுட்டான். மறுபடியும் சிக்கியது. நேரம் முடிந்தது.

பயிற்சியாளர் துப்பாக்கியை வாங்கி மேல்பகுதியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். எண்ணெயில் குழைந்த சாம்பல் நிறக் களி வந்தது. சீமெந்து வேலைக்கும் போகிறாயா என்று கேட்டார். இராஜநாயகம் எட்டிப் பார்த்தான்.

"திருநீறெல்லே," என்றான். சிரிக்கவில்லை.

வெளியே வந்து சிகரெட் பற்றவைத்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னான்.

"எமிலியானா என்ரை பெட்டியை இண்டுவரைக்கும் திரும்பிப் பாக்கேல்லை, மச்சான். நான் போறதும் தெரியாது, வாறதும் தெரியாது."

அடுத்தவனுடையதைப் பார்த்து ஏங்கும் அந்தக் குரல் நகுலேஸ்வரனுக்குப் பழக்கமானது. துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்து அது அவனுடைய குரலாக இருந்தது.

வீட்டில் குகனேஸ்வரி கேட்டாள்.

"என்னப்பா, சிக்கினதோ?"

"ஓம்."

"அடுத்தமுறை இன்னும் கொஞ்சம் கூடப் பூசிவிடுறன்."

"ஓம்," என்றான்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் பூசுகிறாள். அவள் சமையலறைக்குப் போனதும் அவன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பல் தூரிகையால் உள்ளே தேய்த்துச் சுத்தமாக்குகிறான். இப்போது அது சிக்குவதில்லை. கிடங்கு மட்டும் மாறவில்லை.

காலையில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்திறங்கி வியா மக்வேதா வழியாக நடந்து வரும்போது, வங்கி வாசலில் இராஜநாயகம் தேய்த்த சீருடையில் நிற்பான். நன்றாகத் தூங்கியெழுந்த முகம். இன்றைக்கு வீட்டில் என்ன கறி என்று கேட்பான். நகுலேஸ்வரன் நின்று, தூக்கம் கண்ணை அழுத்த, குகனேஸ்வரி வைக்கப்போகும் கறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போவான்.