நீல விளக்கும் இரண்டு கேன்களும்

கிருமி என்றாலே எனக்கு ஆகாது. பார்த்த உத்தியோகம் அப்படி. சுகாதார ஆய்வாளர். பனவடலிசத்திரம் பக்கம் என் சைக்கிள் தலை தெரிந்ததுமே கிணற்றடியில் பெண்கள் அவசர அவசரமாக ஆளுக்கு ஒரு குடம் இறைத்து ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். நான் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போன பிறகு இரண்டு நாளைக்கு அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியில் ஆஸ்பத்திரிதான் மணக்கும். அதை ஒரு சாதனையாக எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் வாடகை வீடு, புது மனைவி.

மனைவிக்குத் தூத்துக்குடி. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. மறுவீட்டு விருந்து முடிந்து கிளம்பும்போது அவள் முகம் வாடியிருப்பதைப் பார்த்தேன். சாப்பிட்ட மயக்கத்தில், "கவலைப்படாத. கடலையே அங்கன கொண்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டேன். புது மாப்பிள்ளைகள் சொல்லும் நூறு பொய்களில் ஒன்றாக அது போயிருக்க வேண்டியது. எனக்குத்தான் வாய்விட்ட சொல்லைக் காப்பாற்றும் வியாதி உண்டே.

சாமிப் படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் சொல்லிக் கண்ணாடித் தொட்டி ஒன்று செய்து வாங்கினேன். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போக வேண்டிய பவளக்கல் சிலதும், பூப்போல விரல் விரலாக ஆடுகிற கடல் தாமரை என்ற பிராணி ஒன்றும், அதற்குள் ஒளிந்து விளையாடும் ஆரஞ்சு நிற மீன் ஒன்றும் மைத்துனன் கொண்டுவந்து கொடுத்தான். அந்த மீனுக்கு உடம்பில் வெள்ளைப் பட்டை. அவள் தொட்டிப் பக்கம் போனால் கண்ணாடியில் வந்து முட்டும். நான் போனால் தாமரைக்குள் புகுந்துகொள்ளும். கரண்ட் போனால் அவள் உட்கார்ந்து சைக்கிள் பம்பால் தொட்டிக்குக் காற்றடிப்பாள். அப்போது அதனிடம் ஏதோ பேசுவாள். என்னிடம் பேசியதைவிட அதிகம்தான்.

தண்ணீர் மாற்ற வேண்டுமே. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் பஸ் மாறித் தூத்துக்குடி போய், இரண்டு பெரிய கேன்களில் கடல் தண்ணீர் மொண்டு வருவேன். கண்டக்டர்கள் மண்ணெண்ணெயோ என்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்கு உப்புத் தண்ணீரா என்று சிரிப்பார்கள். காலடியில் வைத்தால் போகிற வருகிறவர்களெல்லாம் உதைக்கிறார்கள் என்று கேன்களுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்துவிடுவேன். ஆரம்பத்தில் ஒருமுறை அவளும் வருவதாகச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். பெண்டாட்டியையும் கேனையும் சேர்த்துக் கட்டி இழுத்துக்கொண்டு பஸ் மாற முடியாது என்று நியாயத்தை எடுத்துச் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டாள். சொன்னால் புரிந்துகொள்கிற பெண் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மீனுக்குத்தான் ஒருநாள் உடம்பெல்லாம் உப்புத் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளி வந்தது. இரை எடுக்கவில்லை. கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு, கோயில் புற்றுமண்ணில் ஒரு சிட்டிகை போடச் சொன்னார். அந்த ஊரில் எந்த நோய்க்கும் அதுதான் முதல் மருந்து. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற சுகாதார ஆய்வாளர் தொட்டிக்குள் மண்ணைப் போடுவானா என்று அவருக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன்.

கப்பலில் வேலை பார்த்த என் நண்பன் அந்தச் சமயம் பார்த்து லீவில் வந்தான். வெளிநாட்டில் பவளத்தோடு கடல்மீன் வளர்ப்பவர்கள் புற ஊதாக்கதிர் விளக்கு வைத்துத் தண்ணீரில் கிருமியை அழிக்கிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தான். நான் கேட்டதற்காக ஒன்று வாங்கி வந்திருந்தான். ஒல்லியான ட்யூப், அதைச் சுற்றி ஒரு கறுப்புக் குழாய். எப்படி மாட்டுவது என்று பஸ்ஸுக்கு நின்றபடி விளக்கினான். எல்லாம் புரிந்தவன்போல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "கடல்ல கிருமி இல்லையா? அந்தத் தாமரை தின்னுததே கண்ணுக்குத் தெரியாத பூச்சியத்தான. நல்லதையும் கெட்டதையும் சேத்துக் கொன்னுட்டா அது எதைத் தின்னும்?" என்றாள்.

கிருமியில் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று கிடையாது, கிருமி கிருமிதான் என்றேன். அந்தத் துறையில் அவளுக்கு அனுபவம் போதாது என்றும் சேர்த்துச் சொன்னதாக ஞாபகம்.

விளக்கைப் பிரித்தால், அந்தக் கறுப்புக் குழாய் வெளிச்சம் முழுவதையும் மறைக்கிறது. வழியில் உடையாமலிருக்கச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக் கழற்றிப் போட்டேன். விளக்கோடு வந்த காகிதம் ஜப்பான் எழுத்தில் இருந்தது. நடுவில் ஒரு கண்ணை வரைந்து அதன் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியமில்லை, அதுபாட்டுக்கு வேலை செய்யும் என்று பொருள் செய்துகொண்டேன்.

தொட்டிக்கு மேல் ட்யூப் லைட் போலவே அதைத் தொங்கவிட்டு, சாயங்காலம் அண்ணாச்சியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, சுவிட்சைப் போட்டேன். அழகான நீல வெளிச்சம். கிருமிகள் செத்து விழுவது தெரியும் என்பதுபோல் நாங்கள் இருவரும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தோம். பிடிக்காததால் அவள் அடுக்களையை விட்டு வரவில்லை. பிழைத்தாள்.

விடியும்போது கண்ணுக்குள் யாரோ ஆற்று மணலைக் கொட்டி அரைத்ததுபோல் இருந்தது. இமை திறக்க முடியவில்லை, கண்ணீர் நிற்கவில்லை. மெட்ராஸ் ஐ என்று நானே நோயைக் கண்டுபிடித்து, என் தட்டு, தம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சியின் முனகலும் கேட்டது. நோய் பரவும் வேகத்தைப் பற்றி அவளை எச்சரித்தேன்.

டாக்டர் கண்ணில் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, "வெல்டிங் பட்டறையில போயி வேடிக்கை பார்த்தீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. கதிர் வெளியே வரக்கூடாது, தண்ணீர்தான் குழாய்க்குள் போய் வர வேண்டும், அதற்குத்தானே அந்தக் குழாய் என்றார். தண்ணீரில் மிதப்பதைத்தான் அது கொல்லும், மீனின் உடம்பில் ஒட்டியிருப்பதை எப்படிக் கொல்லும் என்றும் கேட்டார். விளக்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இருவர் கண்ணையும் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார். "புத்துமண்ணுக்கு இந்த வம்பு உண்டா, வே?" என்று வரும் வழியெல்லாம் அண்ணாச்சி கேட்டுக்கொண்டே வந்தார்.

கண் கட்டோடு கட்டிலில் கிடந்தபோது, மறுநாள் மைத்துனன் குரல் கேட்டது. அப்புறம் தண்ணீர் மொள்ளுகிற சத்தம், பானை நகர்கிற சத்தம். என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"மீனைக் கடலுக்குக் கொடுத்து அனுப்புதேன். தாமரையையுந்தான். பொழைச்சா அங்கன பொழைக்கட்டும்" என்றாள்.

அவளுக்காக இத்தனை பாடுபட்டும் காப்பாற்றிக் கொடுக்க முடியவில்லையே என்று நிஜமாகவே வருந்தினேன். குணமானதும் வேறு மீன் கொண்டு வருகிறேன், குழாயை ஒழுங்காக மாட்டி, இந்த முறை கடலைச் சரியாகவே கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

கட்டிலோரம் அவள் உட்கார்வது தெரிந்தது. ஈரக் கை என் கட்டுக்கு மேல் இருந்தது.

"ஒங்கள யாருங்க கடலைக் கொண்டு வரச் சொன்னா? மாசாமாசம் போயிட்டு வாரீங்க. அந்தக் கேனு இருந்த எடத்துல என்னைய உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருந்தா போதும்லா."

கண் கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று.

கட்டு அவிழ்த்த பிறகு கோயிலுக்குப் போய், நேர்ந்தபடி உண்டியலில் வெள்ளிக் கண்மலர் போட்டாள். எனக்கொரு ஜோடி, அண்ணாச்சிக்கொரு ஜோடி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினோம். அன்றைக்கு என்னோடு வரக் கட்டி, அவிழ்த்து வைத்த அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரப் போனபோதுதான் கவனித்தேன், பழக்கத்தில் இரண்டு கையிலும் காலிக் கேன்களைத் தூக்கி வந்திருந்தேன்.

அவள் காலடியைக் காட்டினாள். கோவில்பட்டி வரைக்கும் போகிறவன் வருகிறவனெல்லாம் அவற்றை உதைத்தான்.