லேசர் அறையின் கறுப்புக் கண்ணாடி

முட்டிவலிக்காக அரியலூரில் ஒரு கிளினிக்கில் பத்து நாள் லேசர் வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் இதற்கும் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் பெயர். சூடும் தெரியாது, வலியும் தெரியாது. பேனா மாதிரி ஒன்றை முட்டியில் வைத்து எடுப்பார்கள், அவ்வளவுதான். கண்ணில் ஒளி படக்கூடாது என்று கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். வருகிற நோயாளிகள் அத்தனை பேருக்கும் ஒரே கண்ணாடி.

மூன்றாம் நாள், எனக்கு முன்னால் படுத்திருந்தவர் அதைக் கழற்றினார். இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன, மெட்ராஸ் ஐ. இமையோரம் பீளை. கண்ணாடியின் ரப்பர் விளிம்பில் வியர்வையும் விபூதியும் குழைந்து கிடந்தன. லேசர் வைப்பவர் அதைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே என்னிடம் நீட்டினார்.

"சீ! இத மனுசன் போடுவானா?" என்று கத்தினேன்.

லேசர் வைப்பவர் பதறிப்போய்த் தான் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி, துடைத்துக் கொடுத்தார்.

எனக்கு அடுத்து, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை பார்க்கும் ஓர் அம்மாள். அந்த அழுக்குக் கண்ணாடி அவர் கைக்குப் போயிற்று. புரட்டிப் பார்த்துவிட்டு, படித்தவன் என்று என்னைக் கேட்டார்: "இத போட்டுக்கலாங்களா சார்?"

மறுபடி சண்டை போட அலுப்பாக இருந்தது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. "போட்டுக்கங்கம்மா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவர் கண்ணும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. "லேசர் சூடுன்னு சொல்றாங்க சார்" என்று சிரித்தபடி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

நான் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.