டாங்கி இன்டர்காம்

மொபைல் கடையில் சால்டரிங் புகை எழுந்ததும் நான் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். ஐம்பது வயதிலும் அந்த வாசனைக்கு நான் எட்டு வயதுக்காரிதான்.

வடக்கே, கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் இருந்தபோது அப்பாவுக்கு ஒரு பைத்தியம். கபாடிக் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், வாங்கிய பழைய ராணுவ டாங்கியின் இன்டர்காமை ஆபீஸ் விட்டு வந்து சால்டரிங் வைத்து ரிப்பேர் செய்வார். அது பேசத் தொடங்கிய அன்று, ஒரு ஹெட்போன் முன்னறையில், இன்னொன்று சமையலறையில் அம்மாவிடம்.

யாரோ புகார் சொல்லி, அன்றே போலீஸ்காரர் வந்துவிட்டார். வீட்டில் உளவு வயர்லெஸ் இருக்கிறதாம்.

"சமையலறை வரைக்கும்தான் பேசும், சாப்" என்று அப்பா இந்தியில் கெஞ்சினார். போலீஸ்காரர் நம்பாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பயத்தில் வெளியே வராத அம்மா அந்த நேரம் பார்த்துத் தமிழில் கேட்டாள்: "தொலைஞ்சானா அந்தத் தடியன்?"

கசிந்த குரல் எனக்கும் கேட்டது. அப்பாவின் முகம் வெளுத்தது.

"என்ன சொல்கிறாள்?" போலீஸ்காரர் இந்தியில் என்னைத்தான் கேட்டார்.

"உங்களுக்கு டீ போடட்டுமான்னு."

என்னையே முறைத்துக்கொண்டிருந்தவர், மைக் பொத்தானை அழுத்தினார். "சீனி கம் டால்னா" என்றார், சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொல்லி.

சமையலறையில் டம்ளர் விழுந்து உருண்டது.

கடைக்காரர் சரிசெய்த என் போனை நீட்டுகிறார். "ஹலோ சொல்லிப் பாருங்க, மேடம்."

அந்தப் பக்கம் யார் என்று முதலில் கேட்கிறேன்.