இருபத்தாறாம் தேதிக்கு ஒரு வரி

பெங்களூர் தொம்மலூரில் எங்கள் அலுவலகத்தின் லிஃப்டுக்கு எதிரே ஒரு பெரிய திரை இருக்கிறது. 'இந்த மாதம் வரலாற்றில்' என்று அதில் ஓடும் படங்களைத் தயாரிப்பது என் வேலை. நிர்வாகப் பிரிவில் இருப்பவளுக்கு இதெல்லாம் சேர்த்துத்தான் சம்பளம். லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் போனைப் பார்ப்பார்கள், திரையைப் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஒரு தேதி தப்பாகிவிட்டால் மட்டும் எங்கிருந்தோ மெயில் வந்து குவியும்.

போன டிசம்பருக்கு மூன்றாம் தேதி போபால் விஷவாயு, பதினாறு வங்கதேசப் போரில் வென்றது, பதினேழு முதல் விமானம் பறந்தது, இருபத்தாறு சுனாமி என்று எடுத்துவைத்தேன். மேலாளர் பார்த்தார். தலைமுறைகளாகப் பெங்களூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அதனாலேயே அவரிடம் சண்டை போட முடியாது.

"மேடம், போபாலும் சுனாமியும் எடுத்துடுங்க. பக்கத்துலயே கிறிஸ்துமஸ் மரம் வெக்கறோம், சாவு எதுக்கு? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"போர்ல மட்டும் யாரும் சாகலியா சார்?"

"அது ஜெயிச்சது மேடம். சுனாமி நம்ம ஊருக்கு வரவே இல்லயே. நாம மூவாயிரம் அடி மேல இருக்கோம்."

அவருக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. கடலூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கக் கரைக்குப் போன என் அக்கா திரும்பவில்லை. நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்து, இதே தொம்மலூரில் ஒரு விடுதியில், மூவாயிரம் அடி உயரத்தில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் அந்த வரியை விட்டுவைத்திருப்பார். ஆனால் அக்காவைக் காட்டி அனுமதி வாங்க எனக்குப் பிடிக்கவில்லை. வீம்புதான். நடந்தது என்பதற்காக அது அங்கே இருக்க வேண்டும், என்மேல் பரிதாபப்பட்டு அல்ல.

அம்மா இருந்தவரை அந்த நாளில் ஊருக்குப் போய்விடுவேன். ஊரே கரைக்கு வந்து கடலில் பாலும் பூவும் விடும். அழுகிறவர்களுக்கு நடுவில் அழுவதில் ஒரு வசதி, ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அம்மாவும் போன பிறகு அங்கே போய் இறங்க ஒரு வீடு இல்லை. இங்கேயே இருந்துவிட்ட முதல் வருடம், ஒரு பாக்கெட் பாலோடு அல்சூர் ஏரிக்குப் போனேன். மீனுக்கு ஊற்ற வந்தவள் என்று நினைத்துக் காவலாளி ஓடி வந்தார்.

"பால் பேடாம்மா, தண்ணி கெட்டுப்பூடும். மீனுக்குப் பொரி வேணா போடு."

அவர்மேல் தப்பில்லை. கடலில் விட வேண்டியதை ஏரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்தான். வீட்டுக்கு வந்து அந்தப் பாலில் காபி போட்டு, அழுதுகொண்டே குடித்தேன். எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகுதான் அந்தத் திரைமேல் எனக்கு ஆசை வந்தது. இருபத்தாறாம் தேதி லிஃப்டுக்கு நிற்கும் யாராவது ஒருவர் அந்த வரியைப் படித்து 'அட, ஆமாம்' என்றால் போதும். கரையில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்ற மாதிரி.

அந்த நாள் வந்தது. ஆண்டுக் கடைசி விடுமுறையில் எங்கள் மாடியில் நான் மட்டும்தான். காலையில் வந்ததும் முதல் வேலையாகத் திரையை மாற்றினேன். கறுப்பில் வெள்ளை எழுத்து, 'டிசம்பர் 26, 2004. கடல் ஊருக்குள் வந்த நாள்.' எதிரே சோபாவில் உட்கார்ந்துகொண்டேன். லிஃப்ட் மேலே போனது, கீழே போனது, எங்கள் மாடியில் நிற்கவே இல்லை. மதியச் சாப்பாட்டையும் அங்கேயே திறந்துவைத்துச் சாப்பிட்டேன். கிறிஸ்துமஸ் மரத்து விளக்குகள் யாருக்கோ எரிந்துகொண்டிருந்தன.

மாலையில் மேலாளர் போன் செய்தார். திரையில் ஓடுவது வீட்டில் இருந்தபடியே அவருக்குத் தெரியும்.

"மேடம், நீங்களா மாத்தினது?"

"ஆமா சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

"யாராச்சும் பார்த்தாங்களா?"

"இல்ல சார். இன்னிக்கு யாருமே வரல."

"அப்ப பரவால்ல. இருக்கட்டும் விடுங்க" என்றார், பெரிய மனது பண்ணி.

"தேங்க்ஸ் சார்" என்றேன்.