செத்துப்போன கம்ப்யூட்டருக்குள் இருந்த குரல்

போன வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது இது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. ஒரு மதியம் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. வீட்டில் எல்லாம் தப்பித்தது, என் மனைவியின் பழைய கம்ப்யூட்டரைத் தவிர.

நான் வேர்க்கடலை பயிரிடும் விவசாயி. அவள் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தவள். கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது, அந்தக் கம்ப்யூட்டரில் பாடங்களைப் பேசிப் பதிவு செய்து பிள்ளைகளின் போனுக்கு அனுப்புவாள். அதற்கப்புறம்தான் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாள், பேச்சு போய்விட்டது. இப்போது எதுவானாலும் நோட்டில் எழுதித்தான் காட்டுவாள்.

பிள்ளைகளின் போனில் இருந்தவை எப்போதோ அழிந்துவிட்டன. எங்கள் கல்யாண வீடியோவில் மேளச் சத்தம்தான் கேட்கும். அவள் குரல் என்று பூமியில் மிச்சம் இருந்தது அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த பாடங்கள் மட்டும்தான். அவளும் சரி, நானும் சரி, ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

பதற்றத்தில் நான் பத்துப் பன்னிரண்டு தடவை பட்டனை அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே 'டக் டக்' என்று சத்தம் வந்து அடங்கும். திரை கறுப்பாகவே இருக்கும். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்காலில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண். உள்ளேயிருந்து ஹார்டு டிஸ்கைக் கழற்றி, தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். அதே 'டக் டக்.' உடனே பிடுங்கிவிட்டாள்.

"எத்தினி தடவை ஆன் பண்ணீங்கண்ணா?"

சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. நானே கெடுத்துவிட்டேனோ என்று அந்த டிஸ்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேஜையில் திறந்து கிடந்த ஒரு பழைய டிஸ்கை எடுத்துக் காட்டினாள். உள்ளே கண்ணாடி போல ஒரு வட்டத் தட்டு. என் முகம் அதில் தெரிந்தது. "இது சுத்தும்போது மேல ஒரு முனை படிச்சிகினே போகும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு தலைமுடிகூட நுழையாது. உங்களுதுல அந்த முனைதான் தடுமாறுது. நல்லா இருக்கற இடத்தை மொதல்ல எடுத்துக்கறேன். அடம் பிடிக்கற இடத்துக்குக் கடைசியா போறேன். உறுதி சொல்ல முடியாதுண்ணா."

என் மனைவி பேசின பேச்சு முழுக்க இப்படி ஒரு தட்டிலா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பிரமிப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது. "கொஞ்சம் வந்துருக்குது, வாங்க." அன்றைக்குப் பௌர்ணமி. வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே போனேன். ஆயிரக்கணக்கான பேர் என்னென்னவோ வேண்டிக்கொண்டு நடந்தார்கள். நானும் வேண்டிக்கொண்டேதான் நடந்தேன்.

கடையில் அந்தப் பெண் ஒரு ஃபைலைத் தட்டினாள். முதலில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு, "வணக்கம் பசங்களா, இன்னிக்கி அமிலமும் காரமும் பாக்கப் போறோம்."

என் மனைவியின் குரல். பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவ்வளவு தெளிவு. எலுமிச்சம்பழம், புளி, சோப்பு என்று பாடம் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று பாடத்தை நிறுத்திவிட்டுக் குரலை உயர்த்தினாள். "ஏங்க... ஏங்க, அந்தக் குக்கரைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க!"

"தோ வரேன்" என்றேன் நான்.

சொல்லி, நாற்காலியிலிருந்து எழுந்தும் விட்டேன். கடைக்காரப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

நாற்பத்தேழு பாடங்களில் நாற்பத்தொன்று கிடைத்தன. வீட்டில் மனைவிக்குப் போட்டுக் காட்டலாமா, மனசு உடைந்துவிடுவாளோ என்று தயங்கித் தயங்கித்தான் போட்டேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் உதடுகள் அசைய ஆரம்பித்தன. ஒரு வார்த்தை முந்தாமல், ஒரு வார்த்தை பிந்தாமல், பாடம் முழுக்கக் கூடவே சொன்னாள். குரல் ஒரு பக்கமும் உதடு ஒரு பக்கமுமாக, முழுசாக என் மனைவி எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குக்கர் இடம் வந்ததும் தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதி நீட்டினாள். 'அன்னிக்கும் நீங்க வரல. ஆறு விசில் விட்டுச்சு.'

உண்மைதான். அவள் கூப்பிட்ட எத்தனையோ நாள், காதில் விழாத மாதிரி இருந்திருக்கிறேன். அன்றிலிருந்து அவள் கை தட்டினாலும், வேறு யார் கூப்பிட்டாலும் முதல் தடவைக்கே எழுந்துவிடுகிறேன். கூப்பிட ஒரு குரல் இருப்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.